கிளிக் மாமாவின் மறு எண்ணிக்கை

என் அக்கா வீட்டுக்காரரைக் கிளிக் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். மாநகராட்சியில் வண்டி எண்ணுகிற வேலை. அப்படியொரு வேலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாலை ஓரமாக மடக்கு நாற்காலியில் ஓர் ஆள் தொப்பி போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக் கோடு கிழித்துக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாவம், வீட்டில் விரட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அவர்தான் எங்கள் மாமா.

இடது கையில் ஒரு குட்டி இரும்புக் கருவி வைத்திருப்பார். கட்டைவிரலால் அமுக்கினால் கிளிக் என்ற சத்தத்தோடு ஓர் எண் ஏறும். அது மொத்தக் கணக்கு. வலது கையில் பென்சில். கார், பேருந்து, சைக்கிள், சுமை வண்டி என்று காகிதத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். வண்டி எந்த வகையோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. கால் மணிக்கு ஒருமுறை கருவியில் உள்ள எண்ணும் காகிதத்துக் கோடுகளும் ஒத்துப்போக வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒத்துப்போகாத நாளே கிடையாது. ஒருவர் எண்ணியது சரியில்லை என்று திரும்ப எண்ணச் சொன்னால் அதற்கு மறு எண்ணிக்கை என்று பேர். அது அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறிவிடும். அந்த ஆபீஸில் எல்லோருடைய பதிவேட்டிலும் ஒன்றிரண்டு உண்டு. மாமாவுடையதில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. மனிதர் எதற்கும் பெருமை அடித்துக்கொள்ள மாட்டார், இதற்கு மட்டும் அடித்துக்கொள்வார்.

வீட்டிலும் சும்மா இருக்க மாட்டார். என் பிறந்த நாளுக்குப் பதினேழு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் சாப்பிடாமல் போனார்கள் என்று அடுத்த நாள் சொல்வார். அக்கா உங்களை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திட்டுகிறாள் என்று ஒருமுறை வம்புக்குக் கேட்டேன். இன்றைக்கு இதுவரை நாலு, ஆனால் மணி பன்னிரண்டுதானே ஆகிறது என்றார். அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து அதை ஐந்தாக்கினாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. வீட்டில் எனக்குச் சின்னவள் என்று பேர். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குப்பிகளை வெள்ளைப் பெட்டிக்குள் பனிக்கட்டிப் பொட்டலங்களுக்கு நடுவில் அடுக்கி, பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள். எட்டேகாலுக்குள் ஒரு தடவை, பத்து மணிக்குள் இன்னொரு தடவை பாலம் தாண்டுவேன். பாலத்தின் நடுவில் இரும்பு இணைப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஏறி இறங்கும்போது குப்பிகள் குலுங்கக் கூடாது என்று இருக்கையை விட்டு எழுந்து, மிதிகட்டையில் நின்றபடி மெதுவாகத் தாண்டுவேன். அது எனக்குப் பழகிப்போன ஒன்று.

பாலத்துச் சாலையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின வருஷம் அதே பாலத்தில் ஒரு பேருந்து என்னை உரசிக்கொண்டு போனது. முழங்கை உடைந்தது. பதினாலு பேருடைய ரத்தம் சாலையில் கொட்டியது. என் ரத்தம் எது, அவர்கள் ரத்தம் எது என்று தெரியாமல், உதவிக்கு ஓடிவந்த ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். கடைசியில் நான் அவருக்குத் தண்ணீர் தெளித்தேன். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. ஆனால் என் வலது கை இன்றைக்கும் முழுசாக நீளாது. பச்சைச் சாயம் பூசி, முழங்கால் உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு அந்தப் பாதையைப் போட்ட பிறகுதான் பாலத்தைப் பார்த்தால் வருகிற பயம் போனது.

அந்தப் பாதையை எடுக்கப்போவதாக ஒருநாள் விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். காலை எட்டிலிருந்து பத்து வரை சைக்கிள்கள் வெறும் நாற்பத்தாறு, சுமை வண்டிகள் இருநூற்றுப் பதினொன்று. ஆகவே சைக்கிள் பாதையை நீக்கி அந்த இடத்தைச் சுமை வண்டிகளுக்கு ஒதுக்க உத்தேசம், மறுப்பு உள்ளவர்கள் இன்ன தேதியில் நடக்கும் மக்கள் கூட்டத்தில் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. கம்பத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சைக்கிள்காரர்கள்தான். குழாய் வேலை செய்கிறவர், ரொட்டி விற்கிறவர், ஆஸ்பத்திரி ஆயா, பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர். எங்களையே எண்ணினால் தெருமுனைக்குப் போவதற்குள் நாற்பத்தாறு வந்துவிடும். யாரடா இதை எண்ணியவன் என்று குழாய்க்காரர் கத்தினார். எனக்குத் திக்கென்றது. இந்தப் பக்கத்துக்கு எண்ணுகிற ஆள் ஒரே ஒருவர்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இது உங்கள் எண்ணிக்கைதானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். நாற்பத்தாறு பேர்தான் போனார்களா, கண்ணைத் திறந்துகொண்டு எண்ணினீர்களா, மூடிக்கொண்டு எண்ணினீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து காகிதங்களின் பிரதியை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார்.

"ஒரு வண்டி விடல, சின்னவளே. உன்னையும் எழுதியிருக்கேன். எட்டுலேருந்து எட்டேகாலுக்குள்ள ஒரு தடவை போன. பாரு, இதுல நீ இருக்க."

விரலை வைத்துக் காட்டினார். விரல் இருந்த கட்டத்தின் தலைப்பைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"மாமா, இது சுமை வண்டிக் கட்டம்."

"ஆமா. பின்னாடி பெட்டி கட்டியிருக்க இல்ல."

அக்காவின் தையல் மெஷின் நின்றது. அவள் திரும்பிப் பார்த்து, "அப்போ இவ லாரியா?" என்று கேட்டாள்.

மாமா பொறுமையாக விளக்கினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களுக்கு ஒரு கையேடு கொடுத்தார்களாம். அதில் ஏழாவது விதி, பின்பக்கம் சாமான் கட்டிய எந்த வண்டியும் சுமை வண்டி. அந்தக் காலத்தில் சந்தைக்கு எவ்வளவு சரக்கு வருகிறது என்று ஆபீஸ் தெரிந்துகொள்ள நினைத்தது, அதற்காகப் போட்ட விதி. அதன் பிறகு அதை யாரும் மாற்றவில்லை, மாற்றச் சொல்லிக் கேட்கவும் இல்லை. ரொட்டிக்கூடை கட்டினால் சுமை வண்டி. குழாய்க்காரரின் கருவிப் பை இருந்தால் சுமை வண்டி. பின்னால் குழந்தை உட்கார்ந்திருந்தால் சைக்கிள், ஏனென்றால் ஆள் சுமை இல்லை. பள்ளிக்கூடப் பெண் பையை முதுகில் மாட்டியிருந்தால் சைக்கிள், அதே பெண் பையைப் பின்னால் கட்டியிருந்தால் சுமை வண்டி. இதில் அவருக்கு ஒரு குழப்பமும் கிடையாது. தூரத்தில் வரும்போதே பை எங்கே இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மேஜைமேல் இருந்த காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருஷம் கட்டத்துக்குள் கோடு போட்டவர், அந்தக் கட்டத்தை ஆபீஸில் யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தார் என்று நினைக்கிறேன்.

அதாவது நாங்கள் சாமான் கட்டிக்கொண்டு சைக்கிள் பாதையில் போனதால்தான் சுமை வண்டி எண்ணிக்கை ஏறியது; அது ஏறியதால்தான் சைக்கிள் பாதையைப் பிடுங்கிச் சுமை வண்டிக்குக் கொடுக்கிறார்கள். எங்களிடமிருந்து பிடுங்கி எங்களுக்கே. கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. பாதையை எடுப்பது உங்கள் ஆபீஸ் இன்ஜினியர் இல்லை, உங்கள் பென்சில்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். நல்லது என்று சொன்னேன். அப்படித்தான் நான்.

மறுநாள் மாமா இன்ஜினியரைப் போய்ப் பார்த்தார். இன்ஜினியர் கெட்டவர் இல்லை. வயதில் சின்னவர், மாமாவை ஐயா என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். ரிப்போர்ட் மேலே போய்விட்டது, அதைத் திருத்த வேண்டும் என்றால் மறு எண்ணிக்கை ஒன்றுதான் வழி என்றாராம். பொதுமக்கள் கேட்டால் அது வரிசைப்படி வர ஆறு மாதம் ஆகும், அதற்குள் பாதை போய்விடும். எண்ணியவரே தன் எண்ணிக்கையைத் திரும்ப எண்ணச் சொன்னால் இரண்டு வாரத்தில் செய்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அப்படிக் கேட்டால் பணிப்பதிவேட்டில் காரணம் என்கிற இடத்தில் எழுத ஒரே ஒரு வாசகம்தான் உண்டு: எண்ணியவர் பிழை. உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள் ஐயா என்றாராம்.

இதை மாமா எங்கள் இரண்டு பேரிடமும் அப்படியே சொன்னார். அக்கா தெளிவாக இருந்தாள். விதியில் உள்ளபடிதானே எண்ணினீர்கள், விதியைப் போட்டவன் பிழைக்கு நீங்கள் ஏன் கையெழுத்துப் போட வேண்டும், பேசாமல் இருங்கள் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றி, நீளாத கையை அவர் முன்னால் நீட்டினேன்.

"எட்டு மாசம் கழிச்சு நீங்க வீட்டுல உக்காந்துடுவீங்க மாமா. நான் இந்தக் கையோட அந்தப் பாலத்துலதான் போகணும்."

அவர் என் கையைப் பார்த்தார். அக்கா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, இனிமேல் இப்படிப் பேசுவதாக இருந்தால் இந்தப் பக்கம் வராதே என்றாள். அதற்குப் பிறகு கூட்டம் நடக்கிற நாள்வரை நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

மக்கள் கூட்டம் மாநகராட்சிக் கட்டடத்தின் பெரிய அறையில் நடந்தது. எள் விழ இடமில்லை. பேச விரும்புகிறவர்கள் வாசலில் உள்ள மேஜையில் டோக்கன் வாங்க வேண்டும், ஒருவருக்கு மூன்று நிமிஷம். மேடையில் கூட்டத்தை நடத்தும் தலைவி, இன்ஜினியர் இன்னும் நாலைந்து பேர். இன்ஜினியருக்குப் பின்னால், கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு மாமா. இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி இல்லை. தொப்பி இல்லாமல் அவரை வெளியில் பார்த்து எனக்குப் பழக்கமே இல்லை, யாரோ போலத் தெரிந்தார்.

முதலில் குழாய்க்காரர் பேசினார். அந்த நாற்பத்தாறு பேரில் நான் இருக்கிறேனா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார். ஆஸ்பத்திரி ஆயா, பாதை போனால் மகள் தன்னை வேலைக்கு அனுப்ப மாட்டாள் என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள், எண்ணிக்கை பொய். பின்வரிசையிலிருந்து ஒருவர், எண்ணுகிற ஆள் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன் என்றார். கூட்டம் கைதட்டியது. மாமாவின் காது சிவந்துபோனதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அந்த ஆளைப் போய் நாலு கேட்கலாமா என்று இருந்தது எனக்கு. என் மாமாவை நான் திட்டலாம், ஊரில் உள்ளவன் எல்லாம் திட்டலாமா?

அப்போது மாமா எழுந்தார். கோப்புகளை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வேலையை விட்டுவிட்டே போகிறார் என்று நினைத்துவிட்டேன். டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, என் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் ஒண்டி உட்கார்ந்தார். இருபத்து மூன்றாம் எண். இன்ஜினியர் ஏதோ காகிதம் கேட்டுப் பின்னால் கையை நீட்டினார், அங்கே ஆள் இல்லை.

அவர் முறை வந்ததும் மைக்கைச் சரிசெய்யக்கூட இல்லை, நேராகச் சொன்னார்.

"நான்தான் எண்ணினேன். தூங்கல."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, ஏழாவது விதியைச் சொன்னார். ரொட்டிக்கூடை, கருவிப் பை, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் சொன்னார். இருநூற்றுப் பதினொன்றில் லாரியும் வேனும் கொஞ்சம்தான், மிச்சம் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள், அதில் ஒன்று என் கொழுந்தியாள் என்றார். தலைவி, அப்படியானால் உண்மையில் சைக்கிள் எத்தனை என்று கேட்டார்.

"தெரியாதும்மா" என்றார் மாமா.

கூட்டத்தில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கைக்கு வந்ததைக் கீழே போடுகிறாரே மனுஷர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, நூற்றைம்பது என்றாவது சொல்லித் தொலையுங்கள் என்று கிசுகிசுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாம் ஒரே கட்டத்துல கோடா இருக்கு, பிரிச்சுச் சொல்ல முடியாது. தெரியாத எண்ணைச் சொல்ல எனக்கு வராது. திரும்ப எண்ணணும். எண்ணினவனே கேட்டா ரெண்டு வாரத்துல எண்ணணும்னு விதி இருக்கு. நான் கேக்கறேன்."

"பதிவேட்டுல என்ன எழுதுவாங்கன்னு தெரியும் இல்லையா?" என்று தலைவி கேட்டார்.

"தெரியும். எழுதிக்கட்டும்."

வந்து உட்கார்ந்தார். இடது கைக் கட்டைவிரல் தானாக எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது. மன்னித்துவிடுங்கள் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதுவரை பேசியவர்களில் இரண்டு பேர் மூன்று நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்றார்.

மறு எண்ணிக்கைக்கு ஒரு புதன்கிழமை குறித்தார்கள். சாமான் கட்டியிருந்தாலும் சைக்கிள் சைக்கிள்தான் என்று புதிதாக எழுதிய காகிதத்தோடு வேறு பகுதியிலிருந்து ஒரு பெண் எண்ண வருவாள். முதலில் எண்ணியவர் கிட்டேகூட வரக் கூடாது. குழாய்க்காரர் உடனே ஒரு திட்டம் போட்டார். எல்லோரும் பாலத்தைத் தாண்டுவோம், சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் தாண்டுவோம், ஆளுக்கு ஐந்து தடவை, ஆயிரத்தைத் தொடவைத்துவிடலாம் என்றார். எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. இது எப்படியோ மாமா காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் நாங்கள் கூடுகிற பஞ்சர் கடைக்கே வந்துவிட்டார்.

"வேலை இருக்கறவங்க எத்தனை தடவை வேணும்னாலும் போங்க. சும்மா சுத்தினீங்கன்னா, நானே போய் இதையும் திரும்ப எண்ணச் சொல்லுவேன்."

அவர் போன பிறகு அவரைத் திட்டாதவர்கள் இல்லை. நானும்தான் திட்டினேன். பாதையை நாங்கள் காப்பாற்றினால் இவருக்கு என்ன என்று இருந்தது.

புதன்கிழமை எண்ணுகிற பெண் பாலத்தின் மறுமுனையில் உட்கார்ந்தாள்; மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் இந்த முனையில் தொப்பியோடு வந்து நின்றார். கையில் கருவி இல்லை, காகிதம் இல்லை. இரண்டாம் தடவை வருகிறவர்களை மட்டும் நிறுத்திக் கேட்டார். குழாய்க்காரரிடம் அந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்டாராம். டீ குடிக்க என்றாராம் அவர். டீ இந்தப் பக்கமே நன்றாக இருக்கும் என்று, தன் காசில் ஒன்று வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாராம். அப்படிப் பத்து மணி வரைக்கும் ஒன்பது பேருக்கு டீ.

எட்டேகாலுக்குள் நான் முதல் தடவை போனேன். இரண்டாம் தடவைக்கு எடுக்க வேண்டிய மூன்று வீடுகளும் அன்றைக்கு என்று பார்த்துக் கைவிரித்துவிட்டன. ஒருவர் சாப்பிட்டுவிட்டாராம், ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் கதவையே திறக்கவில்லை. பெட்டி காலி. லேபுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். ஒரே ஒரு ஆள், அதனால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று மிதித்துவிட்டேன். முனையில் நின்ற மாமா என் பெட்டியைப் பார்த்தார், நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுமுனையைத் தாண்டும்போது எண்ணுகிற பெண்ணின் கையில் கிளிக் என்று கேட்டது.

சைக்கிள் இருநூற்று இருபத்திரண்டு, சுமை வண்டி முப்பத்தாறு என்று வந்தது. பாதையை எடுக்கிற உத்தேசம் கைவிடப்பட்டது என்று அதே விளக்குக் கம்பத்தில் ஒட்டினார்கள். குழாய்க்காரர் அந்தக் கம்பத்தையே கட்டிப்பிடித்தார். நான் இனிப்பு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள், பழசையெல்லாம் மறந்துவிட்டாள். மாமா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதை மென்று முடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"புதன்கிழமை ரெண்டாவது தடவை வந்தியே, பெட்டியில என்ன இருந்துச்சு?"

"ஏன் மாமா?"

"பாலத்து இணைப்புல நீ எழுந்து நிக்கல. தடால்னு ஏத்தி இறக்கின."

பொய் சொல்லியிருக்கலாம். அவசரம் என்று சொல்லியிருந்தால் அவர் மேலே ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். எனக்கு வரவில்லை. ஒன்றும் இல்லை மாமா, காலிப் பெட்டி என்றேன். அக்காவின் முகம் மாறியது. மாமா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"உன் கைக்காகத்தான் என் பதிவேட்டுல எழுதச் சொன்னேன். காலிப் பெட்டிக்காக இல்ல."

எழுந்துபோய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்தார். இன்ன தேதி எண்ணிக்கையில் வேலை நிமித்தம் அல்லாமல் கடந்த ஒரு சைக்கிளைக் குறைத்துக்கொள்ள வேண்டுகிறேன் என்று எழுதினார். ஒன்று குறைந்தாலும் பாதை இருக்கத்தான் போகிறது, இதை எதற்கு எழுதுகிறீர்கள் என்று அக்கா கேட்டாள். பாதைக்காக இல்லை, எண்ணுக்காகத்தான் எழுதுகிறேன், பாதை போகிற நிலைமையாக இருந்தாலும் எழுதியிருப்பேன் என்றார். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். போனவள் நான்தானே, நானும் போட வேண்டுமாம். போட்டேன். எனக்கு வந்த கோபத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பாலத்தில் ஒரு பேருந்து என்னை ஒட்டி வந்தது. கம்பங்களுக்கு அந்தப் பக்கமாகவே போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நானாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இன்ஜினியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஒன்றைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டாராம்.

மாமா ஓய்வு பெற்று இப்போது ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய பதிவேட்டில் அந்தப் பக்கம் இப்போது வெள்ளையாக இல்லை. எண்ணியவர் பிழை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒன்று குறைக்கப்பட்டது என்று இன்னொரு வரி. பாலத்து முனையில் மாநகராட்சி ஒரு பலகை வைத்திருக்கிறது, காலை நேரத்தில் இந்தப் பாதையில் செல்லும் சைக்கிள்கள் இருநூற்று இருபத்தொன்று என்று. முதலில் என்னை லாரி என்று எழுதிய மனிதர் பிறகு ஒரேயடியாக அழித்துவிட்டார் என்று நான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பேன். பெட்டி நிறையக் குப்பிகளோடு தினம் இரண்டு தடவை அந்தப் பலகையைத் தாண்டுகிறேன். அதில் உள்ள எண் சரியான எண்.